வால் சொற்களும் ஒரு துடைப்பமும்

இதைப் படிக்கப்போகிறவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். எழுதுவது படித்தவர்கள் செய்கிற வேலை. நான் பத்தாம் வகுப்பு வரை போனவள். பரீட்சைத் தாளுக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சலவைக்குப் போன போர்வைகளின் எண்ணிக்கையும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கச் சொல்லி ஒரு மனுவும்தான். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் ஒரு மாதமாகச் சொற்களைக் குறித்துவைத்த நோட்டில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. அதைக் காலியாக விட மனசு வரவில்லை.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிப் பிரியும் சந்து ஒன்றில் ஒன்பது அறைகள் உள்ள தங்கும் விடுதி. அதில் பதினோரு வருடம் அறை துடைத்தேன். காலை ஏழு மணிக்கு வேலை. பெட்ஷீட் மாற்றுவது, பெருக்குவது, மாப் போடுவது, பாத்ரூம் கழுவுவது. விருந்தினர்களிடம் பேச வேண்டிய அவசியம் அதிகம் இல்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்றும் சொல்லலாம்.

பிறகு முட்டி போய்விட்டது. படி ஏறினால் வலது முட்டிக்குள் யாரோ கடலைத் தோலை நொறுக்குவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, "மாடிப்படி ஏறக் கூடாது, குத்துக்கால் போட்டு உக்காரக் கூடாது" என்றார். இரண்டும் இல்லாமல் அறை துடைக்கிற வேலை உலகத்தில் இல்லை.

அந்தச் சமயம் பார்த்து முன்மேசையில் உட்கார்ந்திருந்த பெண் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். மேனேஜர் என் வயதுக்காரர். வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு அவ்வளவு மோசம் இல்லை. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பதினோரு வருஷமா இருக்க. உன்ன அனுப்ப எனக்கும் இஷ்டம் இல்ல. மேசையில உக்காருவியா?"

"எனக்கு இங்கிலீஷ் வராதே சார்."

"எனக்கு மட்டும் வந்துச்சா? இருபது வார்த்த தெரிஞ்சா போதும். இந்தப் பௌர்ணமியிலேர்ந்து அடுத்த பௌர்ணமி வரைக்கும் பாக்கறேன். அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் காலையில, மலை சுத்த வந்த கூட்டம் மொத்தமா கிளம்பும். அத நீ சமாளிச்சிட்டா மேச உனக்கு. இல்லன்னா வெளியிலேர்ந்து ஒரு பொண்ண எடுத்துக்கறேன். அப்புறம் என்ன குத்தம் சொல்லக் கூடாது."

மேசை வேலை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். ஒரு மாதம் ஒன்பது மணிக்கு வரச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒன்பது மணிக்கு வருவேனா, அல்லது வீட்டிலேயே இருப்பேனா என்பதுதான் கேள்வி. ஏழு மணி வேலைக்குத் திரும்ப என் முட்டி விடாது.

அவர் சொன்ன இருபது வார்த்தைகள் மேசைக்கு எதிரே ஒரு தாளில் ஒட்டப்பட்டிருந்தன. செக்-இன், செக்-அவுட், பிக்கப், டிராப்-ஆஃப், வாக்-இன், ஃபாலோ-அப், ஹேண்ட்-ஓவர், லாக்-இன், லாக்-அவுட், பேக்கப் என்று போனது. நான் அவற்றை நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். எழுதும்போதுதான் கவனித்தேன். எல்லாச் சொல்லுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பார்ப்பது, எடுப்பது, நடப்பது, பூட்டுவது. பின்னால் ஒரு சின்ன வால். இன், அவுட், அப், ஆஃப், ஓவர். வேலையும் வாலும் சேர்ந்ததும் அது ஒரு பொருள்போல ஆகிவிடுகிறது. 'இன்று மூன்று செக்-அவுட்' என்று முட்டையை எண்ணுவதுபோல எண்ண முடிகிறது.

செக் என்றால் சரிபார்ப்பது. இன் என்றால் உள்ளே, அவுட் என்றால் வெளியே. செக்-இன், செக்-அவுட் வரைக்கும் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் டாக்டரிடம் போனேனே, அது செக்கப். அப் என்றால் மேலே. என் முட்டியைப் பார்த்தவர் மேலே எங்கே போனார்? கீழே குனிந்துதான் பார்த்தார்.

அன்றிலிருந்து எனக்கு அது ஒரு பைத்தியம்போல் பிடித்துக்கொண்டது. போகிற வழியெல்லாம் வால் வைத்த சொற்கள். கீழ்பென்னாத்தூர் பஸ் நடுரோட்டில் நின்றால் பிரேக்-டவுன். நின்ற இடத்தில்தானே நிற்கிறது, கீழே எங்கே போயிற்று? வேங்கிக்கால் பக்கம் வயலுக்கு நடுவே கல் நட்டால் லே-அவுட். தேர்தல் வந்தால் ரோட்டோரம் இரண்டு மாடி உயரத்துக்குக் கட்-அவுட். சட்டசபையில் கோபித்துக்கொண்டு எழுந்து போவதை இங்கிலீஷ் செய்தியில் வாக்-அவுட் என்கிறார்கள். தமிழ்ச் செய்தியில் வெளிநடப்பு என்கிறார்கள். அதைக் கேட்டபோது கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். நடப்பு முதலில் இல்லை, வெளி முதலில் வருகிறது. முன்பதிவு, உள்நோயாளி, மேற்பார்வை எல்லாமே அப்படித்தான். இங்கிலீஷ்காரர்கள் பின்னால் கட்டுகிற வாலை நாம் முன்னால் கட்டி அனுப்புகிறோம்.

இன்னொரு வகை இருக்கிறது. அது நம் ஊருக்கு வந்து குணம் மாறிப்போனது. எனக்குப் பதிலாக மாடி அறைகளைத் துடைக்க ஆரம்பித்தவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். மேசையில் நான் கஞ்சி போட்ட புடவையில் உட்கார்ந்திருப்பதை முதல் நாள் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா, கெட்டப்பே மாறிப்போச்சு! இனிமே எங்கள எல்லாம் கண்ணு தெரியுமா?"

"போடி, மாடியில ரெண்டு ரூம் கெடக்குது."

"பாத்தியா, பாத்தியா, வந்த அன்னிக்கே பில்டப் குடுக்கற."

கெட்டப், பில்டப். இரண்டையும் அவள் படியேறுவதற்குள் எழுதிவிட்டேன். கம்ப்யூட்டரின் ஓரத்தில் 'செட்டப்' என்று ஒரு பட்டன் இருந்தது. அவள் இறங்கி வந்தபோது அதைக் காட்டி, "இது எதுக்குன்னு தெரியல" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, "கம்ப்யூட்டருக்குமாக்கா செட்டப்பு? மேனேஜர் வீட்டம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். வெறும் ஏற்பாடு என்றுதான் அதற்கு அர்த்தமாம். நம் ஊரில் ஒரு ஆணின் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்தால் பஞ்சாயத்து கூடும்.

நான்காம் எண் அறையில் ஒரு வெளிநாட்டு அம்மா இருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், குளிர் நாட்டுக்காரர். தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது நாள் தங்க வந்திருந்தார். சின்னத் தமிழ்ப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, "வெந்நீர் இருக்கா?" என்று கேட்பார். இருக்கிறது என்று தெரிந்த பிறகும் கேட்பார். பேசிப் பழகத்தான். நான் இங்கிலீஷுக்குக் கூசுவதுபோல அவர் தமிழுக்குக் கூசவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவரிடம் கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வாக்கியத்தை நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, மூன்றாம் நாள் அவர் சாவி கொடுக்க வந்தபோது பாதி இங்கிலீஷிலும் பாதி கையாலும் கேட்டேன். செக்-இன், உள்ளே. செக்-அவுட், வெளியே. செக்-அப் ஏன் மேலே?

அவர் பதில் சொல்ல வாய் திறந்தார். மூடினார். கூரையைப் பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அறுபது வருடமாகப் பேசுகிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை, எனக்குத் தெரியவில்லை என்றார்.

தாய்மொழிக்காரருக்கே தெரியவில்லை என்பது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. மறுநாள் காலை அவர் ஒரு தாளை நீட்டினார். இரு பக்கமும் வால் சொற்கள். காபி குடித்துக்கொண்டே எழுதியதாம். அப் என்ற வால்தான் ஜாஸ்தி, டவுன் கம்மி. சில இடத்தில் அப் என்பது மேலே இல்லை, மிச்சம் வைக்காமல் முழுசாகச் செய்வது என்று ஆகிறதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். க்ளீன்-அப் என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினார். நான் பதினோரு வருடம் செய்த வேலை அது. மிச்சம் வைக்காமல் என்பது சரிதான் என்று தலையாட்டினேன். ஆனால் செக்கப்பில் டாக்டர் மிச்சம் வைக்காமல் பார்த்தார் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அதற்கடுத்த வாரம் அவர் என்னைக் கேட்கிற முறை வந்தது. மாடி வராந்தாவில் நின்று, அறை துடைக்கிற நம்ம ஆள் தன் வீட்டுக்காரரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தாள். "சாயந்தரம் சீக்கிரம் வந்து தொல!" வெளிநாட்டு அம்மா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். தொலை என்றால் காணாமல்போவது என்று போட்டிருக்கிறதே, வந்த பிறகு அவர் எப்படிக் காணாமல் போவார் என்று கேட்டார்.

சாப்பிட்டுவிட்டான், சாப்பிட்டுப் பார், சாப்பிட்டுத் தொலை. சாப்பிடுவது ஒன்றுதான், வால் மாற மாற மனசு மாறுகிறது. முன்னால் கட்டுகிறவர்கள் நாம் என்று நினைத்தேனே, பின்னாலும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். நாற்பத்தெட்டு வருடமாக அந்த வாலை ஆட்டிக்கொண்டிருந்தும் எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. "கோபம்" என்றேன். அவர், "அவள் கோபமாக இல்லையே, சிரிக்கிறாளே" என்றார். அதுவும் உண்மைதான். "கோபம், ஆனா சும்மா கோபம்" என்றேன். அவர் அதைப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

இப்படி அந்த மாதத்தின் பாதி நன்றாகவே போனது. தப்பு வேறொரு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. அதை நான் தெரிந்தேதான் செய்தேன், ஆனால் தப்பு என்று தெரியாமல் செய்தேன்.

கம்ப்யூட்டர் திரையில் ஒன்பது அறைக்கும் ஒன்பது கட்டம். ஆள் இருந்தால் கட்டம் பச்சை, நடுவில் அவர் பெயர். செக்-அவுட் என்பதை அழுத்தினால் பெயர் மறைந்து கட்டம் வெள்ளையாகும். அதோடு கட்டத்தின் மூலையில் ஒரு துடைப்பம் படம் வரும். அதே நொடியில் மாடியில் இருப்பவளின் போனில் மணி அடிக்கும். அறையைப் பெருக்கு என்று அர்த்தம்.

முதல் தடவை அந்தத் துடைப்பத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. செங்கல்பட்டுக்காரர் ஒருவர் அப்போதுதான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடுகளில் ஒருவர் ஊருக்குக் கிளம்பிப் போனால் உடனே வீட்டைப் பெருக்க மாட்டோம். அரை மணியாவது விடுவோம். ஆள் படியிறங்கிய கையோடு பெருக்கிக் கழுவுவது பிணம் எடுத்த வீட்டில்தான். சின்ன வயதிலிருந்து இது உடம்பில் ஊறிப்போனது. விடுதி வேலையிலும் பதினோரு வருடம் இதை விட்டதில்லை. நான்காம் அறைக்காரர் கிளம்பினால் முதலில் ஏழாம் அறைக்குப் போய்விடுவேன். சுற்றிவிட்டு நான்காம் அறைக்கு வரும்போது அரை மணி ஆகியிருக்கும். யாருக்கும் தெரியாது, யாருக்கும் நஷ்டமும் இல்லை. நம் அறையில் தூங்கி எழுந்து, நம்மிடம் வெந்நீர் கேட்ட மனுஷர், நல்லபடியாக ஊர் போய்ச் சேர வேண்டாமா?

மேசையில் அதற்கு வழி இல்லை. அதனால் நானே ஒரு வழி செய்துகொண்டேன். சாவியை வாங்கிக்கொள்வேன். வாசல் வரை போய் அனுப்பிவைப்பேன். திரும்பி வந்து நோட்டைப் புரட்டுவேன். அரை மணி கழித்துத்தான் செக்-அவுட்டை அழுத்துவேன். பெயர் அதுவரை பச்சைக் கட்டத்தில் பத்திரமாக இருக்கும்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. விடுதியில் காலி செய்கிற நேரம் பத்து மணி. பத்து மணிக்குள் அழுத்தாவிட்டால், அந்த அறைக்காரரின் போனுக்குக் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு செய்தி அனுப்பிவிடும். 'உங்கள் நேரம் முடிந்தும் நீங்கள் அறையைக் காலி செய்யவில்லை' என்று.

பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மேனேஜர் போனைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். முந்தின நாள் காலி செய்துவிட்டுப் போன பெரியவர் பேசினார். அவரும் மனைவியும் ஒன்பது மணிக்கே பையைக் கட்டி முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.

"நாங்க ஒம்போதரைக்கே சாவிய குடுத்துட்டோம் சார். அந்தம்மா வாசல் வரைக்கும் வந்து அனுப்பிவச்சாங்க. நாங்க பஸ்ஸுல உக்காந்திருக்கோம், நீங்க காலி பண்ணலன்னு மெசேஜ் வருது. முப்பத்தாறு வருஷம் ஒரு நாள் லேட்டா ஆபீஸ் போனதில்ல சார் நான். என் சம்சாரம் பஸ்ஸுலயே அழுதுட்டா. நம்மள இப்படி நெனச்சுட்டாங்களேன்னு."

மேனேஜர் மன்னிப்புக் கேட்டு வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். திரையைத் திருப்பி ஏதோ தட்டினார். பட்டியல் வந்தது. பதினேழு பேருக்கு அந்தச் செய்தி போயிருந்தது. எல்லோரும் நேரத்துக்குப் போனவர்கள்.

"இன்னாம்மா இது? வாசல் வரைக்கும் போற, அனுப்பிவக்கற, வந்து ஒரு பட்டன அழுத்தறதுக்கு உனக்கு அரை மணி நேரமா? மறந்துட்டியா, தூங்கிட்டியா?"

பதினேழு பேரும் எந்த எந்த பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் படித்தார்களோ என்று நினைத்தேன். அவர்கள் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று செய்தது, அவர்களைப் பாதி வழியில் அழவைத்திருக்கிறது.

"வாயத் தொறந்து சொல்லும்மா. ஓனர் கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?"

"போன ஒடனே பெருக்கக் கூடாது சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னது?"

"ஊருக்குக் கிளம்பினவங்க... போன ஒடனே... துடைப்பம் வருது சார், அதுல." திரையைக் காட்டினேன்.

மேனேஜர் திரையைப் பார்த்தார். மூலையில் இருந்த துடைப்பத்தைப் பார்த்தார். இதுவரை அவர் அதைக் கவனித்ததில்லை என்று நினைக்கிறேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எங்க வீட்லயும் பெருக்க மாட்டாங்கதான்" என்றார் மெதுவாக. உடனே குரல் ஏறியது. "ஆனா இது வீடாம்மா? பத்து மணிக்கு ஒருத்தன் போறான், பன்னண்டு மணிக்கு இன்னொருத்தன் வரான். போனவன் ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நாம காத்திட்டிருந்தா, வந்தவன் எங்க படுப்பான்?"

பக்கெட்டோடு படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் இறங்கி வந்தாள்.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டா? பெருக்கறதுதானே சார் ஆவாது? பெட்ஷீட்ட உருவறது ஆவாதுன்னு எந்த சாஸ்திரத்துல இருக்குது? மணி அடிச்சா நான் மேல போறேன். பெட்ஷீட் உருவறேன், தலகாணி உறை மாத்தறேன், ஜன்னல் தொடைக்கறேன், பாத்ரூம் பாக்கறேன். கடைசியில தொடப்பத்த எடுக்கறேன். அதுக்குள்ள அரை மணி ஓடிப்போயிடும். அக்கா நேரத்துக்கு அழுத்தட்டும்."

"இத்தன நாளா எப்படிப் பண்ண?"

"மொதல்ல பெருக்கிட்டுத்தான் சார்."

"ஏன்?"

"அக்காதான் அரை மணி கழிச்சு மணி அடிக்குதே சார். அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா இன்னா?"

மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்து எனக்குத் தெரியாம ஒரு செட்டப்பே நடத்தியிருக்கீங்க" என்றார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகும்போது அவர், "பௌர்ணமிக்கு மறுநாள் எட்டு செக்-அவுட். ஒண்ணு கூட பத்து மணியைத் தாண்டக் கூடாது. தாண்டிச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார்.

அன்றே பட்டியலில் இருந்த பதினேழு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தேன். மேனேஜர் சொல்லவில்லை, நானாகத்தான். ஒவ்வொரு தடவையும் எண்ணை அழுத்துவதற்கு முன் தண்ணீர் குடித்தேன். நோட்டில் எழுதிவைத்துப் படித்தேன். இதற்குப் பெயர் ஃபாலோ-அப் என்று தாளில் இருந்தது. பின்தொடர்ந்து மேலே போவது. அந்த அப்பும் எனக்கு விளங்கவில்லை. பெரியவரின் மனைவிதான் எடுத்தார். "அதனாலென்னம்மா, வுடு. வீட்டுக்கு வந்து சேந்துட்டோம்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பௌர்ணமி வந்தது. சந்து முழுவதும் செருப்பில்லாத கால்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் உட்காரும்போதே முற்றத்தில் பைகள் நின்றன. மலை சுற்றிவிட்டு வந்து இரண்டு மணி நேரம் தூங்கியவர்கள். எல்லோர் கண்ணும் சிவப்பு. மேனேஜர் கைகட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். உதவிக்கு வரப்போவதில்லை என்பது அந்த நிலையிலேயே தெரிந்தது.

சாவி வாங்கினேன், அழுத்தினேன். கட்டம் வெள்ளையானது, துடைப்பம் வந்தது, மாடியில் மணி அடித்தது. துடைப்பத்தின் சத்தம் வரவில்லை. போர்வை உதறுகிற சத்தம் வந்தது. ஒன்பது நாற்பதுக்குள் ஏழு அறை முடிந்தது. எட்டாவது நான்காம் எண். வெளிநாட்டு அம்மாவின் நாற்பது நாள் அன்றோடு முடிந்தது.

அவர் ஒன்பது ஐம்பதுக்கு இறங்கி வந்தார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, என் நோட்டைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதினார். ஆட்டோ வந்தது. நான் அப்போதே அழுத்தியிருக்கலாம். சாவி கையில் இருந்தது. ஆனால் அவர் எதிரே நிற்கும்போது அவர் பெயரை அழிக்க விரல் போகவில்லை. வாசல் வரை போய் வந்துவிடலாம், ஐந்து நிமிடம் இருக்கிறதே என்று எழுந்தேன்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவர், மாடி வராந்தாவில் நின்றவளையும் என்னையும் பார்த்துக் கைகூப்பி, தெளிவான தமிழில், "நான் போய்த் தொலையறேன்!" என்றார்.

ஆட்டோக்காரர் பீடியைக் கீழே போட்டுவிட்டார். மாடியிலிருந்து, "ஐயோ, மேடம்!" என்று ஒரு அலறல். அலறல் பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "சும்மா கோபம்தானே?" என்று கேட்டார். தப்பு என்னுடையது. அதை அப்படியே விட்டு அனுப்ப முடியுமா? "மேடம், அப்படிச் சொல்லக் கூடாது. போயிட்டு வரேன்னு சொல்லுங்க. போயிட்டு, வரேன்." அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை சரியாக வந்தது. "வாங்க" என்றேன்.

உள்ளேயிருந்து மேனேஜர், "மணி!" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வாசலிலிருந்து மேசைக்கு முப்பது அடி, நடுவில் மூன்று படி. முன்பு ஓடியிருப்பேன். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்து அழுத்தினேன். கட்டம் வெள்ளையானது. கீழே நேரம் பத்து ஒன்று என்று இருந்தது.

மேனேஜர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெளியே ஆட்டோ பின்னால் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் போனில் இந்நேரம் அந்தச் செய்தி வந்திருக்கும். ஏர்போர்ட் போகிற வழியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பார். மேசையைப் பற்றி நான் அப்போது நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் கால் படியில் இறங்கிவிட்டது. வாசலுக்கு வந்து, சந்து முழுவதும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"மேடம்! மெசேஜ் வரும்! ராங் மெசேஜ்! யூ நோ லேட்! ஐ லேட்! நான்தான் லேட்!"

டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து போனை ஆட்டியது. பிறகு கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது. ஆட்டோ செங்கம் ரோட்டில் திரும்பிவிட்டது.

உள்ளே வந்தேன். மேனேஜர் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. எட்டாவதுக்கு எதிரே சிவப்புப் புள்ளி. நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். மாடியில் இப்போதும் துடைப்பம் கேட்கவில்லை. குழாய்த் தண்ணீர் பக்கெட்டில் விழுகிற சத்தம் மட்டும்.

"முந்தி இருந்த பொண்ணும் லேட்டா அழுத்தியிருக்குது" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "ஒரு நாளும் யாருக்கும் போன் போட்டுச் சொன்னதில்ல. தெருவுல நின்னு கத்தினதும் இல்ல." பிறகு போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு ஒம்போது மணிக்கு வாங்க" என்றார்.

வாங்க என்றார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. அதை நான் வீட்டுக்குப் போகிற வழியில்தான் கவனித்தேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை மத்தியானம் சாப்பிடும்போது திறந்தேன். தமிழ் எழுத்தில், கோணல்மாணலாக, 'சென்ட்-ஆஃப்' என்று எழுதியிருந்தார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அனுப்புவது தெரியும். ஆஃப் என்றால் விளக்கை அணைப்பது என்றுதான் எனக்குத் தெரியும். ஆபீசுகளில் ஓய்வு பெறுகிறவர்களுக்கு மாலை போட்டுச் செய்கிறார்களே, அந்த சென்டாஃப் இதுதான். ஒருவரை அனுப்பிவைப்பதற்கும் அணைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் யோசித்திருக்கிறார் போல. அதற்குக் கீழே நானும் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

மறுநாள் ஒன்பது மணிக்குப் போனேன். இரண்டு செக்-அவுட், நான்காம் எண்ணுக்கு ஒரு செக்-இன். ஓசூர் பக்கத்துக் குடும்பம். வெந்நீர் இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது என்றேன்.